ஹயீனாவா, ஸ்டார்மி மண்டேவா?

ஊழலைப் பற்றி, சிறிய பட்ஜெட்டில் எடுத்த பிரிட்டிஷ் த்ரில்லர் ஒன்று பார்க்க வேண்டும், இந்த இரண்டில் எது என்று கேட்பவர்களுக்காக.

ஊழல்: ஹயீனாவில் (2014) போலீஸே அழுகிப்போயிருக்கிறது. லண்டன் போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் தலைவனே கொக்கெய்ன் இழுக்கிறான், அல்பேனியக் கும்பலோடு பேரம் பேசுகிறான். ஸ்டார்மி மண்டேயில் (1988) ஊழல் கோட்டு சூட்டோடு வருகிறது. நியூகாசிலை வளைத்துப்போட ஓர் அமெரிக்கத் தொழிலதிபர் வருகிறார். ஊரே 'அமெரிக்க வாரம்' கொண்டாடுகிறது. அந்த விழாவில் போலந்து ஜாஸ் குழு அமெரிக்கத் தேசிய கீதத்தைக் கன்னாபின்னாவென்று வாசிக்கும் பாருங்கள், நூறு வசனத்துக்குச் சமம்.

வன்முறை: ஹயீனா கத்தி, ரத்தம், பாலியல் கொடுமை என்று போகும். சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள். மற்றது மிரட்டலோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்ளும்.

நடிப்பு: பீட்டர் ஃபெர்டினான்டோவின் களைத்த முகமே ஹயீனாவைத் தாங்குகிறது. ஸ்டார்மி மண்டேயில் ஷான் பீன், ஸ்டிங், டாமி லீ ஜோன்ஸ், மெலனி கிரிஃபித். ஒளிப்பதிவு, அந்தத் துறையில் பேர்போன ரோஜர் டீக்கின்ஸ், அப்புறம் என்ன!

நேரம்: ஹயீனா 112 நிமிடம், ஸ்டார்மி மண்டே சுமார் 93 நிமிடம்.

கதை முடிவு: ஹயீனா சட்டென்று அறுந்துவிடும். சிலருக்கு எரிச்சல் வரும், எனக்குப் பிடித்தது.

மழை நேரத்து இரவு, நிதானமான மனநிலை என்றால் ஸ்டார்மி மண்டே. உலுக்கி எடுக்க வேண்டும், தூக்கம் போனாலும் சரி என்றால் ஹயீனா. குழந்தைகள் தூங்கிய பிறகு மட்டும்.