மேசை மேல் டெல்டா: தெர்மகோலா, முட்டை அட்டையா, களிமண்ணா?

சின்ன வீரர் பொம்மைகளை நகர்த்தி ஆடும் மேசைப் போர் விளையாட்டுக்கு டெரைன், அதாவது மாதிரி நிலப்பரப்பு, செய்யக் கற்றுத்தருபவர்கள் பெரும்பாலும் மலையில்தான் தொடங்குவார்கள். குன்று, பாறை, பள்ளத்தாக்கு, இடிந்த கோபுரம். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவர்களுக்கு அது அவ்வளவாக உதவாது. நம் நிலம் தட்டை. இங்கே ஒரு படையைத் தடுப்பது வாய்க்காலும் வரப்பும் சேறும் தென்னந்தோப்பும்தான். 1749இல் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்கு அருகிலிருந்த தேவிக்கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சாவூரை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பினார். இந்த இரண்டையும் மேசையில் ஆட ஆசைப்பட்டால் ஒரு மதில் வேண்டும், ஓர் அகழி வேண்டும், மற்றதெல்லாம் தண்ணீரும் வயலும். எந்தப் பொருள் நமக்குச் சரிப்படும் என்பதை அந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். 28 மி.மீ. உயர வீரர்களை வைத்து ஆடினால் விகிதம் ஏறத்தாழ 1:60. மேசையில் 1 அங்குலம் என்றால் நிஜத்தில் 5 அடி.

தெர்மகோலுக்கு எல்லோரும் முதலில் போவதற்குக் காரணம் இருக்கிறது. அதில் 98 சதவீதம் காற்றுதான், தூக்க எடையே தெரியாது. டிவி, ஃபிரிட்ஜ் வாங்கிய வீட்டில் சும்மா கிடக்கும். நாகப்பட்டினம் பக்கம் என்றால் மீன் வைக்கும் ஐஸ் பெட்டி கிடைக்கும். அது நல்ல தடிமன். சோப்பு போட்டுக் கழுவி, வாடை போகும்வரை வெயிலில் வைத்தால் போதும். தண்ணீரைக் குடிக்காது, பூஞ்சை பிடிக்காது, கரையானுக்கு அதில் தின்ன ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தாங்கும் பொருள் என்று பார்த்தால் இதற்குத்தான் முதலிடம்.

ஆனால் மணிமணியாக உதிரும். மழுங்கிய கத்தியால் அறுத்தால் அந்த மணிகள் கையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வீடு முழுக்கப் பரவும். கத்தியின் பிளேடை அடிக்கடி மாற்றுவது ஒன்றுதான் வழி. சூடான கம்பியால் அறுத்தால் வெட்டு சுத்தமாக வரும். அந்தப் புகை நல்லதில்லை, வாசலிலோ மொட்டை மாடியிலோ வைத்துச் செய்யுங்கள். ஸ்ப்ரே பெயின்ட், தின்னர், பெட்ரோல் எது பட்டாலும் தெர்மகோல் கரைந்து குழி விழும். அதனால் மேலே ஒரு தோல் கட்டாயம் வேண்டும். அதற்கு நான் சொல்வது ஹார்டுவேர் கடையில் ஒரு கிலோ பாக்கெட்டாகக் கிடைக்கும் வால் புட்டி. அது வெள்ளைச் சிமென்ட் கலவை. கொஞ்சம் ஃபெவிகால் சேர்த்துத் தோசை மாவுப் பதத்தில் இரண்டு கோட் பூசினால் காய்ந்ததும் ஓடு போல இறுகிவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை விட இது மேல், ஈரம் பட்டால் இளகாது.

ஆக, கோட்டை மதிலுக்குத் தெர்மகோல். உயரமாக, நீளமாக, கனமில்லாமல் வேண்டும் என்றால் வேறு எதுவும் பக்கத்தில் வராது. அதற்கு மேல் அதைக் கொண்டு போக வேண்டாம். ஒரு வீட்டுச் சுவரை 1 அங்குலத் தெர்மகோலில் செய்தால் 5 அடி கனச் சுவராகத்தான் நிற்கும்.

வீடு, சத்திரம், மதகு, படித்துறை இதற்கெல்லாம் அட்டைதான். இங்கே என் சார்பை ஒளிக்கப் போவதில்லை. மளிகைக் கடை அட்டைப் பெட்டியும் முப்பது முட்டை அடுக்கும் அட்டைத் தட்டும் இருந்தால் ஒரு கிராமமே கட்டலாம். பெட்டி அட்டையின் மேல்தாளை லேசாக ஈரத்துணியால் ஒற்றி உரித்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் நெளிவு அப்படியே நாட்டு ஓடு வேய்ந்த கூரையாகத் தெரியும். காவி நிறம் அடித்து, ஓரங்களில் கொஞ்சம் கரும்பழுப்பைத் தொட்டால் கும்பகோணத்துப் பழைய வீட்டுக் கூரை கிடைத்துவிடும். முட்டைத் தட்டின் சமமான பகுதிகளைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டினால் கருங்கல் வரிசை. அதன் சொரசொரப்பு பெயின்டை அழகாகப் பிடிக்கும். முனைகளை விரலால் கொஞ்சம் பிய்த்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். மிஞ்சிய துணுக்குகளை ஊறவைத்துப் பிசைந்தால் கூழ். வரப்பையும் வாய்க்கால் கரையையும் அந்தக் கூழால் விரலாலேயே இழுத்துவிடலாம்.

அட்டைக்கு எதிரி ஈரம். ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் வளையும், இரண்டு பக்கமும் அடியுங்கள். இரண்டு அட்டைகளை ஒட்டும்போது ஒன்றின் நெளிவு நீளவாக்கில் இருந்தால் மற்றதன் நெளிவு குறுக்காக இருக்கட்டும். அடித்தளத்துக்குப் பெட்டி அட்டை வேண்டவே வேண்டாம், பழைய பரீட்சை அட்டை ஒன்று போதும். சரி, பசை? மைதா பசை மலிவுதான், ஆனால் எலியும் இராமபாணப் பூச்சியும் அதைத் தேடி வரும். புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் அதில் துத்தம் கலப்பார்கள். துத்தம் விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஃபெவிகாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இடையில் இன்னொன்று. ஃபிளெக்ஸ் பேனர் கடையில் “அண்ணே, சன்போர்டு வேஸ்ட் துண்டு இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அது ஒரு பிளாஸ்டிக் நுரைப் பலகை, அட்டை போல மெல்லியது, மழைக்கும் பயமில்லை. ஆனால் வழவழப்பு அதிகம், மணல் காகிதத்தால் தேய்க்காமல் பெயின்ட் நிற்காது.

களிமண் காவிரிக் கரையில் இலவசம். அதனாலேயே ஆசை வரும். காயும்போது சுருங்கி வெடிக்கும். உமி கலந்தால் வெடிப்பு குறையும், கனம் குறையாது. நண்பர் வீட்டுக்கு ஆட எடுத்துப்போகும் டெரைனுக்கு அது ஒத்துவராது. வெடித்த ஏரிப்படுகை ஒன்று வேண்டும் என்றால் மட்டும் மெல்லிய பூச்சாகப் போடுங்கள், அந்த வெடிப்பே அழகு.

நெட்டியையும் சிலர் கேட்பார்கள். தஞ்சாவூரில் பெரிய கோவிலை நெட்டியில் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்களே, அதே வெண்ணிறத் தண்டு. அதன் நுணுக்கத்துக்கு ஈடே இல்லை. அது கண்ணாடிக்குள் இருக்க வேண்டியது. டைஸ் உருளும் மேசையில், பத்துக் கைகள் புழங்கும் இடத்தில், ஒரு மாலைகூடத் தாங்காது.

தரைக்கு வருவோம். நவராத்திரிக் கொலுவுக்குப் பூங்கா போட்டுப் பழகிய வீடுகளில் பாதி வித்தை ஏற்கெனவே இருக்கிறது: சாயம் ஏற்றிய மரத்தூள், சலித்த மணல். உமியைத் தரையில் தூவ வேண்டாம். ஒரு உமி ஏறக்குறைய 7 மி.மீ., நம் விகிதத்தில் அது 42 செ.மீ. நீளம், பலகை இறைந்து கிடப்பது போலிருக்கும். தேங்காய் நார்த்தூள் சரியான பொருள். ஃபெவிகால் பூசிய பரப்பில் தூவினால் உழுத வயல் மண்ணாகவே உட்காரும். நெற்பயிருக்குப் பழைய தேங்காய் நார்க் கால்மிதி. துண்டுகளாக அறுத்து, மேலே பச்சை அடித்தால் சம்பாப் பயிர், அடிக்காமல் விட்டால் அறுவடைக்கு நிற்கும் கதிர். வீரர் பொம்மையின் அடித்தட்டு 25 மி.மீ. இருக்கும் என்பதால் துண்டுகளுக்கு நடுவே 30 மி.மீ. இடைவெளி விடுங்கள். கீற்றுக் கொட்டகைக்குத் தென்னையின் பன்னாடையை விட நல்ல கூரை கடையில் விலைக்கும் கிடைக்காது.

தென்னை மரத்தைச் சரியான அளவில் செய்தால் 25 செ.மீ. வரும், கை பட்டுச் சாயும். 15 செ.மீ. போதும். முறுக்கிய மின் வயர்மேல் கயிறு சுற்றி, கீழே ஒரு வாஷரை ஒட்டிவிடுங்கள்.

தண்ணீருக்குத் தடிமனாக ஃபெவிகால் ஊற்றுவது பரவலாகச் சொல்லப்படும் வழி. காய்ந்ததும் கண்ணாடி போல இருக்கும், ஆனால் மழைக்கால ஈரத்தில் மறுபடி வெளுக்கும். ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங்குக்கு மேலே போடும் கண்ணாடித் தாள் அதைவிட எவ்வளவோ தேவலாம். அடிப்பக்கம் பெயின்ட் அடித்துத் திருப்பி ஒட்டினால் மேலே பளபளப்பு அப்படியே நிற்கும். நீலம் மட்டும் வேண்டாம். புதுவெள்ளம் வரும் காவிரிக்குச் செம்பழுப்பு, தேங்கிய வாய்க்காலுக்குப் பச்சை கலந்த பழுப்பு. வெள்ளை எமல்ஷனில் சின்னச் சின்ன பாட்டிலில் வரும் ஸ்டெய்னர் என்ற நிறச்சாயத்தைக் கலந்தாலே இந்த நிறங்கள் எல்லாம் வரும். வாய்க்கால் துண்டுகள் எல்லாம் 2 அங்குல அகலம், ஆறு எல்லாம் 6 அங்குலம் என்று முதல் துண்டை வெட்டும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்போதுதான் அடுத்த வருடம் செய்யும் துண்டும் இதோடு சேரும்.