ஆபரேஷன் முடிந்த பிறகுதான் செலவு: நெல்லையில் கண்டதும் கேட்டதும்

இந்த முறை ஊருக்குப் போனது விடுமுறைக்காக இல்லை. அக்காவின் கணவருக்கு பைக் விபத்தில் தலையில் பலத்த அடி. மூளை வீங்கியதால் மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் வீட்டுக்கு வந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 108 வண்டி சீக்கிரம் வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் காசில்லாமல் பார்க்கிறார்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. அந்த 48 மணி நேரத்தில் குடும்பம் நகையை அடகு வைக்க ஓடாமல் ஆபரேஷன் வாசலில் நிற்க முடிந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அதன் பிறகு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அத்தான் சுமை ஆட்டோ ஓட்டுபவர், அட்டை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்.

ஆனால் அந்தத் தனியார் மருத்துவமனையில், காப்பீட்டில் வராது என்று சொல்லிச் சொல்லியே பணம் வாங்கியிருக்கிறார்கள். பாதிக்கு ரசீது இல்லை, துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கணவர் உள்ளே மூச்சுக் குழாயோடு கிடக்கும்போது எந்தப் பெண் ரசீது கேட்டுச் சண்டை போடுவாள்? எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் அங்கேயே நின்று காப்பீட்டுத் திட்டத்தின் 1800 425 3993 எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நாம் செய்யக்கூடிய வேலை அது. அவர்களுக்கு அந்த நேரத்தில் தெம்பு இருக்காது.

ஐசியூவிலிருந்து வெளியே வந்ததும் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு, அதாவது நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, மாற்றிவிட்டார்கள். கூட்டம் அதிகம், வார்டில் நெருக்கடி. ஆனாலும் மூக்குக் குழாயில் எப்படி ஊட்டுவது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று அக்காவுக்குக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தது அங்கிருந்த ஒரு நர்ஸம்மாதான்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த நாளிலிருந்து காப்பீடு ஒதுங்கிக்கொண்டது. மடக்குக் கட்டிலும் ஏர்பெட்டும் வாடகைக்கு. டயப்பர், குழாய்க் கஞ்சிக்கான புரதப் பவுடர், வலிப்பு மாத்திரை. வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்கு ஒரு தடவைக்கு 500 ரூபாய். பகலுக்கு மட்டும் ஒரு ஆள் வைத்தால் 800. அந்த ஆளை அக்கா ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டாள். அவள் தையல் வேலைக்குப் போவதும் நின்றுவிட்டது. ஒரே விபத்தில் இரண்டு சம்பளம் போனது. “ஆபரேஷனுக்கு எல்லாரும் பணத்தோட வந்தாங்கடா தம்பி. இப்போ நல்லா இருக்காரான்னு போன்ல கேட்கிறதோட சரி” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

அத்தானின் வலது கை இறுகி முஷ்டியாகவே இருக்கிறது. காலையில் அக்கா வெந்நீரில் துணி நனைத்து மணிக்கட்டில் சுற்றி, கட்டை விரலை முதலில் விடுவித்து, பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரித்து, உள்ளே சுருட்டிய துவாலையை வைக்கிறாள். அவசரப்பட்டு இழுத்தால் இன்னும் இறுகும். நடுவில் அத்தான் கோபத்தில் கத்துவார், சில நேரம் இடது கையால் தள்ளியும் விடுவார். மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்களுக்குக் கோபத்தை அடக்கும் சக்தி குறைந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு அதைப் புரியவைப்பதுதான் கஷ்டம்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே இலவசமாக வரும் என்பது அக்காவுக்குத் தெரியாது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் போய்ப் பேசிப் பெயர் கொடுத்தோம், ஆள் வந்தார். நல்ல பையன், பொறுமையாகச் செய்தார். ஆனால் அவர் பார்க்க வேண்டிய வீடுகள் ஏராளம். இந்தக் காயத்துக்குத் தினமும் பயிற்சி வேண்டும், அதுவும் வேகமாகத் தேறக்கூடிய முதல் மாதங்களில். அவர் வராத நாளைக்குத்தான் அந்த 500 ரூபாய். நான் அரசைக் கேட்பது இதைத்தான்: ஆபரேஷனுக்கு லட்சங்களை ஒதுக்குகிறவர்கள் அதன் பிறகு வரும் ஆறு மாதப் பயிற்சிக்கும் ஒரு தொகையைச் சேர்க்கக் கூடாதா? பயிற்சி இல்லாமல் கை கால் மடங்கிப் போனால் அந்த ஆபரேஷனின் பலனில் பாதி போய்விடுமே.

அப்புறம் வழக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்கிறது. அக்கா எல்லாம் சரியான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். வக்கீலைப் பார்த்து மனு போட்டாயிற்று. வசதி இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். வக்கீல் சொன்ன ஒரு விஷயம் மனதில் நின்றது. விபத்தில் மூளை பாதித்த ஒரு சிறுமியின் வழக்கில், 2020-இல் உச்ச நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கான செலவை மட்டும் தனியாகக் கணக்கிட்டு, மொத்தம் 62 லட்சத்துக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அதனால் பிசியோ, உதவி ஆள், வாடகைக் கட்டில் எல்லாவற்றுக்கும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வைக்கச் சொன்னார். இப்போது வாங்கி வைக்கிறோம்.

அண்ணன் தம்பிகள் பேசி, ஆளுக்கு ஒரு தொகை மாதம் 5-ஆம் தேதிக்குள் அக்கா கணக்கில் போடுவதாக முடிவு செய்தோம். மொத்தமாகக் கொடுத்தால் அவள் கடனை அடைத்துவிட்டு, ஆள் வைக்க மாட்டாள். பகல் ஆள் மறுபடி வருகிறார். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு நிலைமை ஓரளவு நிலைத்த பிறகுதான் மதிப்பிடுவார்களாம். கடும் பாதிப்பு என்று வந்தால் மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். எடுத்த எலும்பை அத்தானின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதைத் திரும்பப் பொருத்தும் ஆபரேஷன் பாக்கி. அதற்கான காப்பீட்டு முன் அனுமதிக்கு ஹைகிரவுண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.