கல்லடியில் ஒரு திருத்தும் கடை

வயல் கிணற்றில் வைத்த நீர்மட்ட மீற்றர், மூன்று பென்டோர்ச் பற்றரியில் ஓடுவது. பற்றரி இறங்கினால் கிணறு நிறைந்திருக்கு என்று பொய் சொல்லும். மட்டக்களப்பு கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட உள்ள சின்னக் கடையில் திருத்தக் கொடுத்தேன்.

கடைத் தம்பி லென்ஸால் காட்டினார்: உப்புக்காற்றில் மீற்றரின் மூளையான சிப்பின் கால்கள் பச்சை பூத்திருந்தன. "சிப் ஏடிமெகா 328பி அண்ணன். 8 மெகாஹேர்ட்ஸில ஓட 2.4 வோல்ட்டாவது வேணும், குறைஞ்சா தடுமாறும்." 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிப்பை நிறுத்திவைக்கும் காவலைப் போட்டார், சிப் வேலையில்லாமல் உறங்கும் நேரம் மட்டும் அதை அணைத்தார், இல்லையென்றால் அதுவே பற்றரியைக் குடிக்குமாம். சிப்பின் காலோடு ஒட்டி, மின் ஏற்ற இறக்கத்தைத் தணிக்க 0.1 மைக்ரோஃபரட் கொள்ளளவி (கபாசிட்டர்), மேலே வார்னிஷ் பூச்சு. அருமையான கைவேலை!

4 நாள் என்றது 9 நாளானது, அது சரியில்லை. இப்போது பற்றரி செத்தால் மீற்றர் பேசாமல் நிற்கிறது, பொய் சொல்வதில்லை.