போஸ்ட்ஃபிக்ஸில் டேன்: சில வருடங்கள் ஓட்டிய பிறகு

சின்ன அலுவலகம் ஒன்றின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன், அதில் ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள். மெயில் போய்ச் சேரும் சர்வர் உண்மையானதுதானா என்று சோதிக்கும் டேன் சரிபார்ப்பை அதில் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. இனி எடுக்க மாட்டேன். ஆனால் எல்லோருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறையான, 1982-இல் வந்த எஸ்எம்டிபியில் எதிரே பேசும் கணினி யாருடையது என்று சோதிக்க வழியே இல்லை. தொடக்க வணக்கமான 'ஹெலோ' சொல்லும்போது அது என்ன பெயர் சொல்கிறதோ அதுதான் பெயர். பிறகு வந்த ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற நீட்சி குறியாக்கத்தைக் கொடுத்தது, ஆளைப் பார்க்கவில்லை. போஸ்ட்ஃபிக்ஸை 'மே' (முடிந்தால் குறியாக்கு) என்ற அமைப்பில் விட்டால், எதிர் சர்வர் காலாவதியான அடையாளச் சான்றிதழைக் காட்டினாலும் மெயிலைக் கொடுத்துவிடும். லாக்கில் 'அன்ட்ரஸ்டட்' (நம்பகமற்றது) என்று ஒரு சொல் விழும், அவ்வளவுதான்.

சான்றிதழில் உள்ள பெயரை ஒப்பிட்டால் போதாதா? எந்தப் பெயரோடு? எந்த சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு, டொமைன் பெயர்களின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸிலிருந்துதான் வருகிறது. அந்தப் பதிலையே நடுவில் ஒருவன் மாற்றிவிட்டால், அவன் தன் சொந்தப் பெயருக்கு முறையாக வாங்கிய சான்றிதழைக் காட்டித் தேறிவிடுவான். டேன் இதைத்தான் அடைக்கிறது. டிஎன்எஸ் பதிலை நடுவில் யாரும் மாற்றவில்லை என்று கையொப்பத்தால் காட்டும் ஏற்பாடு டிஎன்எஸ்செக்; அது கையொப்பமிட்ட பதிலிலேயே சர்வர் சாவியின் கைரேகை இருக்கும்.

அனுப்பும் பக்கம் சுலபம். அந்தக் கையொப்பத்தைச் சோதிக்க அதே கணினியில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருள், போஸ்ட்ஃபிக்ஸில் இரண்டு வரி, முடிந்தது. பெறும் பக்கம்தான் வேலை. இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாள் வரும். அதற்கான சர்ட்பாட் நிரல் புதுப்பிக்கும்போது சாவியையும் மாற்றிவிடும், டிஎன்எஸ்ஸில் சாவியின் கைரேகையைச் சொல்லும் உங்கள் '3 1 1' பதிவு பொய்யாகிவிடும். அதனால் பழைய சாவியையே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். சாவியை மாற்றியே ஆக வேண்டுமென்றால் புதிய கைரேகையையும் முன்கூட்டியே டிஎன்எஸ்ஸில் சேர்த்து, பழைய பதில்கள் காலாவதியாகும்வரை பொறுத்து, அப்புறம் மாற்றுவேன்.

எதிர்ப்பக்கம் எல்லோரும் இப்படிப் பொறுப்பதில்லை. ஒரு சப்ளையர் சாவியை மாற்றிவிட்டுப் பதிவை மறந்துவிட, எங்கள் மெயில் எல்லாம் கியூவில் நின்றன. "உங்க சர்வர்லதான் ஏதோ கோளாறு" என்று அவர்கள் சொல்ல, அரை நாள் போன் பேச்சு. போஸ்ட்ஃபிக்ஸ் செய்தது சரியான காரியம்தான், அதை மேலாளரிடம் விளக்குவதுதான் கஷ்டம். அந்த டொமைனுக்கு மட்டும் தற்காலிக விலக்கு கொடுத்தேன்.

இன்னொரு குறை, ஜிமெயில் அனுப்பும்போது டேனைப் பார்ப்பதில்லை. அதற்காக, ஜிமெயில் பார்க்கும் மாற்று முறையான எம்டிஏ-எஸ்டிஎஸ்ஸும் வைத்திருக்கிறேன். ஒரு கொள்கைக் கோப்பை எச்டிடிபிஎஸ்ஸில் வைத்து, டிஎன்எஸ்ஸில் ஒரு சாதாரணப் பதிவைச் சேர்ப்பதுதான், டிஎன்எஸ்செக் வேண்டாம். டொமைன் நிறுவனம் டிஎன்எஸ்செக் தராதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். முதலில் 'டெஸ்டிங்' என்று போட்டு, அனுப்பும் சர்வர்கள் தரும் டிஎல்எஸ் அறிக்கைகளைச் சில வாரம் படித்துவிட்டு 'என்ஃபோர்ஸ்' செய்யுங்கள்.