விண்டோஸில் அட்மின் கணக்கைத் தனியே பிரித்து வைத்த அனுபவம்

ஒரு சிறிய வரிக் கணக்கு அலுவலகத்தின் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். விண்டோஸ் 10 வந்த காலத்திலிருந்தே அங்கே ஊழியர்களுக்கு, கணினியின் முக்கிய அமைப்புகளைத் தொட முடியாத ஸ்டாண்டர்டு கணக்கு மட்டும்தான். எல்லாவற்றையும் மாற்றக்கூடிய அட்மின் கணக்கு தனி, அதன் பாஸ்வேர்டு என்னிடமும் முதலாளியிடமும் இருக்கும்.

விண்டோஸ் நிறுவும்போது முதலில் உருவாகும் கணக்கு அட்மின் கணக்காகவே அமைந்துவிடும். வீடுகளில் அதிலேயே காலம் தள்ளுகிறார்கள். 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு பரவலாக வந்த யூஏசி பெட்டி, அதாவது கணினியில் மாற்றம் செய்யும் முன் அனுமதி கேட்கும் பெட்டி, இருக்கிறதே என்பார்கள். அட்மின் கணக்கில் அது 'ஆம்' என்று ஒரு கிளிக்கோடு முடிந்துவிடும், யாரும் படிப்பதில்லை. விண்டோஸ் 7 முதல், விண்டோஸின் சொந்த அமைப்புகளில் பலவற்றை மாற்றும்போது அந்தப் பெட்டி வருவதுகூட இல்லை. ஸ்டாண்டர்டு கணக்கிலோ பாஸ்வேர்டு கேட்கும். கை தானாகப் போய் அழுத்துகிற வேலை அங்கே நடக்காது.

தினசரி வேலைக்கு இடைஞ்சல் குறைவுதான். வைஃபை, வால்பேப்பர், டைம் ஸோன் எல்லாம் அவர்களே மாற்றிக்கொள்ளலாம். தேதி, நேரத்தில் கை வைக்க முடியாது. பில் போடும் இடத்தில் அது நல்லதே.

தலைவலி பிரிண்டரில் வந்தது. 2021 ஆகஸ்டில், பிரிண்ட்நைட்மேர் என்ற, விண்டோஸின் அச்சிடும் பகுதியில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காக வந்த அப்டேட்டுக்குப் பிறகு, நெட்வொர்க் பிரிண்டருக்கு டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) ஏற்றவே அட்மின் உரிமை வேண்டும் என்றாகிவிட்டது. "சார், பிரிண்டர் மறுபடி பாஸ்வேர்டு கேக்குது" என்று போன் வந்துகொண்டே இருந்தது. எல்லா மெஷினிலும் டிரைவரை நானே முன்கூட்டி ஏற்றி வைத்த பிறகுதான் ஓய்ந்தது.

அடுத்தது ஒரு பழைய பில்லிங் மென்பொருள். தன் தரவை, ஸ்டாண்டர்டு கணக்கால் எழுத முடியாத புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும் ரகம். ஆளையே அட்மின் ஆக்கிவிடுங்கள் என்றுதான் விற்றவர்கள் சொன்னார்கள். தேவையே இல்லை. அந்த ஒரு ஃபோல்டரின் செக்யூரிட்டி பகுதியில் ஊழியர்களுக்கு மாடிஃபை (எழுத, மாற்ற) உரிமை கொடுத்தேன், ஓடியது. அந்த ஃபோல்டர் மட்டும் இனி பாதுகாப்பு குறைந்த இடம், அதையும் மறுக்க முடியாது.

பலரும் கவனிக்காத ஒன்று: ஊழியரின் திரையில் அட்மின் பாஸ்வேர்டு போட்டு எதையாவது நிறுவினால், அந்த நிறுவல் அட்மின் பெயரில்தான் ஓடும். சில மென்பொருள்களின் ஷார்ட்கட்டும் அமைப்புகளும் அட்மின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். ஊழியர் "ஒண்ணும் வரலையே" என்பார்.

செட்டிங்ஸ் பக்கங்களை ஊழியர்களிடமிருந்து மறைக்கும் பாலிசி (அட்மின் வைக்கும் கட்டுப்பாடு) விண்டோஸ் 10இன் 1703 பதிப்பில் வந்தது. சில மாதங்கள் வைத்திருந்தேன். பார்வைக்குத்தான் அது பூட்டு. கன்ட்ரோல் பேனல் வழியாகச் சுற்றி வந்துவிடலாம். எடுத்துவிட்டேன். ஐபி முகவரி மாற்ற வேண்டிய ஒருவரை மட்டும் நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் மாற்ற விடும் நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ் குழுவில் சேர்த்தேன், முழு அட்மின் உரிமை கொடுக்கவில்லை. விண்டோஸ் ஹோம் பதிப்பில் இப்படிக் குழுவில் சேர்க்கத் திரை கிடையாது, கமாண்ட் வரியில்தான் செய்ய வேண்டும்.

இன்னும் அடைபடாத சந்து ஒன்று உண்டு. குரோம் போன்றவை, அட்மின் பாஸ்வேர்டு கொடுக்காவிட்டாலும், பயனரின் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும். அதை நிறுத்த, எந்த மென்பொருள் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்லாக்கர் மாதிரி வேறு ஏற்பாடு வேண்டும். இந்த அளவு அலுவலகத்துக்கு அது அதிகம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.