கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குப் பைக்கில் திரும்ப எந்த வழி?

கன்னியாகுமரிக்குப் பைக்கில் போகிறவர்கள் போகும் வழியை மாதக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். திரும்பும் வழிக்கு மட்டும் “வந்த மாதிரியே போயிடலாம்” என்பதோடு சரி. போகும்போது இருப்பது நன்றாகத் தூங்கி எழுந்த உடம்பு. திரும்பும்போது வெயிலில் வதங்கி, சீட்டில் உட்கார்ந்தே இடுப்பு விட்டுப்போன உடம்பு. அதனால் உடம்பை வைத்துத்தான் வழியை முடிவுசெய்ய வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் எல்லோரும் தேர்ந்தெடுக்கும் நால்வழிச்சாலை. திருநெல்வேலி, மதுரை, திருச்சி, விழுப்புரம் வழியாகச் சுமார் 700 கிலோமீட்டர். சுங்கச்சாவடிகளில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது, இடது ஓரச் சந்தில் நுழைந்து போய்விடலாம். விடியற்காலை கிளம்பி ஒரே மூச்சில் ஓட்டினால் அன்று ராத்திரியே வீடு. இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு வசதி, வெயில். திருச்சியைத் தாண்டியதும் சாலை வடகிழக்காகத் திரும்புவதால் பிற்பகல் சூரியன் முதுகுப்பக்கம் போய்விடும். எதிர்த்திசையில் மாலையில் போய்ப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சிக்கலும் அந்தச் சாலையின் சௌகரியத்தில்தான் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, திருப்பமே இல்லாத சாலையில் ஒரே வேகத்தில், ஒரே இன்ஜின் சத்தத்தில் போகும்போது கண் திறந்திருக்கும், மூளை தூங்கிவிடும். கடந்து வந்த ஊர் எது என்று யோசித்தும் நினைவுக்கு வரவில்லையென்றால் அடுத்த டீக்கடையில் நிறுத்திவிடுவது நல்லது. ஆனி, ஆடி மாதங்களில் காற்று வேறு. காவல்கிணறு, பணகுடி பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று வண்டியை இடப்பக்கத்திலிருந்து தள்ளும். லாரியை முந்தும்போது காற்று சட்டென்று நின்று, தாண்டியதும் மறுபடி அறையும். அந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

‘வெயிலே வேண்டாம், ராத்திரி ஓட்டிவிடலாம்’ என்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. இரண்டு மணிக்கு மேல் விடியும் வரை தூக்கம் அழுத்தும் நேரம். அந்த நேரத்தில்தான் பின்விளக்கு இல்லாத லாரிகள் சாலையோரம் நிற்கும்.

அடுத்து கடற்கரை வழி. உவரி, மணப்பாடு, திருச்செந்தூர், தூத்துக்குடி, அப்புறம் ராமநாதபுரம், தொண்டி, மீமிசல், நாகப்பட்டினம், காரைக்கால், புதுச்சேரி. 750 கிலோமீட்டருக்கு மேல் வரும், பெரும்பகுதி இருவழிச்சாலை. ஆட்டு மந்தை, வேகத்தடை, ஊருக்கு ஊர் குறுக்கே வரும் சைக்கிள் என்று எதுவும் தூங்கவிடாது. களைப்பு ஏறினாலும் கவனம் போகாத வழி இது. மீன் சாப்பாடு கிடைக்கும், காரைக்காலில் பெட்ரோலும் கொஞ்சம் மலிவு. ஆனால் ஒரே நாளில் இதை முடிக்க நினைப்பது வீண் வம்பு. அறுவடைக் காலத்தில் டெல்டா பக்கம் சாலையிலேயே நெல் காயப்போட்டிருப்பார்கள். அதில் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பக்கமே போக வேண்டாம். கூடுதலாக இரண்டு நாள் லீவு இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

பைக்கை ரயிலில் ஏற்றி அனுப்புவதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் என்ன கௌரவம்? முதுகுவலி உள்ளவர்களுக்கும், பின்சீட்டில் வந்தவர் ‘இனி முடியாது’ என்று சொல்லிவிட்டவர்களுக்கும் இதுதான் சரி. நாம் போகும் ரயிலிலேயே வண்டியும் வர வேண்டுமென்றால் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிய வேண்டும். பார்சலாக அனுப்ப டிக்கெட் தேவையில்லை, ஆனால் வண்டி எந்த ரயிலில் ஏறும் என்பது நம் கையில் இல்லை. ரயில் புறப்படும் நிலையத்திலேயே ஏற்றுவது நல்லது. நடுவழி நிலையங்களில் ஏற்ற நேரம் போதாது. ஆர்.சி. நகல், அடையாள அட்டை வேண்டும், டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது. வண்டியைச் சாக்கால் சுற்றிக் கட்டுவதற்குத் தனிக் காசு. பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். சென்னையில் இறக்கியதும் பெட்ரோல் பங்க் வரை தள்ளிக்கொண்டு போவதற்கும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் நால்வழிச்சாலைதான், ஆனால் திருச்சியில் ஒரு ராத்திரி தங்கி. குமரியிலிருந்து திருச்சி வரை ஏறக்குறைய 380 கிலோமீட்டர், மிச்சம் 330. கிட்டத்தட்டச் சரிபாதி. செலவு ஒரு லாட்ஜ் அறை வாடகை. சனிக்கிழமை காலை நிதானமாகக் கிளம்பி, மாலையில் திருச்சியில் செயினுக்கு எண்ணெய் ஸ்பிரே அடித்து, டயர் காற்றைப் பார்த்துவிட்டுப் படுத்துவிடலாம். ஞாயிறு ஐந்து மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் செங்கல்பட்டைத் தாண்டிவிடலாம். ஊருக்குப் போன சென்னை மொத்தமும் காரில் திரும்பி, கிளாம்பாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் முட்டிக்கொண்டு நிற்பது அன்று மாலையில்தான்.