கிளிக்கர், கஹூட், பிளிக்கர்ஸ்: நர்சிங் வகுப்புக்கு எது?

நர்சிங் முதலாண்டு வகுப்பில் 'புரிந்ததா?' என்று கேட்டால் 60 தலையும் ஆடும். உண்மையில் எத்தனை பேருக்குப் புரிந்தது என்று உடனே அறிய உதவும் கிளிக்கர், கஹூட், பிளிக்கர்ஸ் மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். இப்போது என் கையில் இருப்பது பிளிக்கர்ஸ் அட்டை.

கிளிக்கர் என்பது மாணவர் கையில் கொடுக்கும், பொத்தானை அழுத்தி விடை சொல்லும் சிறு ரிமோட். நம்பகமானது, இணையமே வேண்டாம். ஆனால் பேட்டரி மாற்றுவது, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது என்று வேலை அதிகம். கஹூட் என்பது இணையவழி வினாடி வினா விளையாட்டு; அதில் உற்சாகத்துக்குக் குறைவில்லை. மாணவர்களிடம் கைப்பேசியும் இணையமும் இருந்தால் போதும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேகம்தான். கஹூட்டில் சீக்கிரம் அழுத்தினால் கூடுதல் புள்ளி. ஒரு டிரிப் கணக்கு: நோயாளிக்கு ஏற்ற வேண்டியது 500 மி.லி. திரவம், 4 மணி நேரம், 1 மி.லி.க்கு 15 சொட்டு விழும் செட் (டிரிப் குழாய்). நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? விடை 31. இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டு 31ஐ அழுத்திய மாணவி பட்டியலில் கீழே போனாள். வார்டில் அவள் செய்ய வேண்டியதே அந்த மறுசரிபார்ப்புதான். அதற்கு வகுப்பிலேயே தண்டனை கொடுப்பதா? நேரத்தைக் கூட்டலாம், புள்ளியை நிறுத்தலாம், சரி. அப்படியும் முதலில் அழுத்தும் அவசரம் என் வகுப்பில் போகவில்லை.

பிளிக்கர்ஸில் ஒவ்வொருவருக்கும் ஓர் அச்சிட்ட அட்டை. எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுவே விடை. என் கைப்பேசி கேமராவால் ஒரு சுற்று காட்டினால் எல்லாம் பதிவாகிவிடும். கடைசி அட்டை உயரும்வரை காத்திருப்பேன். அட்டைக்கு அட்டை வடிவம் வேறு என்பதால் பக்கத்தில் பார்த்துக் காப்பியடிப்பதும் கடினம்.

தவறான விடைகளை யோசித்து வைத்தால் இதன் அருமை புரியும். அதே சொட்டுக் கணக்கில் 125 காட்டியவர்கள் மணிக்கு எத்தனை மி.லி. என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். 42 காட்டியவர்கள் 20 சொட்டு செட் என்று நினைத்துவிட்டார்கள். விடையைச் சொல்லாமல், 'பக்கத்தில் இருப்பவரிடம் ஏன் என்று விளக்குங்கள்' என்பேன். அப்புறம் இரண்டாம் முறை அட்டை தூக்கச் சொன்னால் பலரின் அட்டை திரும்பியிருக்கும்.

குறையும் உண்டு. நான்கே விடைகள்தான், எண்ணைத் தாங்களே எழுதும் பயிற்சிக்கு, எண் பொத்தான் உள்ள கிளிக்கர் மேல். பளபளப்பாக லேமினேட் செய்தால் விளக்கொளி பட்டு கேமரா தடுமாறும்; மங்கல் உறையே நல்லது. மனநல நர்சிங்கில் இதை இரண்டு வகுப்புகளில்தான் பயன்படுத்தியிருக்கிறேன். சொந்தக் கருத்தைக் கேட்கும் அந்தப் பாடத்தில், அட்டை எண்ணை வைத்து யாரென்று எனக்குத் தெரிந்துவிடும் என மாணவிகள் தயங்கினார்கள். அங்கே மட்டும் பெயர் கேட்காத கைப்பேசி வாக்கெடுப்புக்கு மாறிக்கொண்டேன்.